தொள்ளாயிரத்து ஐம்பதில் நிற்காத முள்

நைட்ரஸ் பாட்டிலைப் பார்த்துக்கொள்கிற வேலை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிற வேலை மாதிரி: கண்ணை எடுத்தால் பொங்கும், கண்ணை எடுக்காமல் நின்றால் காயவே காயாது.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்கவேண்டாம். அவர்கள் இந்நேரம் எழுந்துபோய் முள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நைட்ரஸ் என்பது ஓடுகிற எஞ்சினுக்குள் சில வினாடிகள் மட்டும் அடிக்கிற ஒரு கேஸ். அடித்தால் கார் பாயும். காரின் பின்பெட்டியில் ஒரு நீலப் பாட்டிலில் அது இருக்கும். பாட்டிலின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர் முள் தொள்ளாயிரத்து ஐம்பதில் நிற்கவேண்டும். அதற்குத் தகுந்த மாதிரிதான் பெட்ரோலையும் அளந்து விடுகிறோம். முள் மேலே போனால் கேஸ் கூடிப்போகும், பெட்ரோல் போதாது, பிஸ்டன் மெழுகு மாதிரி உருகும். கீழே போனால் பெட்ரோல் கூடிப்போகும், கார் கறுப்புப் புகை விட்டு இருமும். முள்ளை ஏற்றுவதும் இறக்குவதும் சூடுதான். எங்கள் பட்டறை இருக்கிற கிள்ளான் வெயிலில் தானாக ஏறும். மழை பெய்தால் தானாக இறங்கும். கேஸை அடிக்க அடிக்கப் பாட்டில் ஜில்லென்று ஆகி இன்னும் இறங்கும்.

நான் சொல்லப்போவதெல்லாம் ஐந்து வாரத்துக்குள் நடந்தது. தேவன் அண்ணே போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். தன் பழைய சின்னக் காரை நான்கு வருடமாக ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துக் கட்டினார். ஒரு சனிக்கிழமை, முறையான பந்தயத் திடலில், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடப் பெயர் கொடுத்திருந்தார். அந்தக் காரின் பாட்டில் என் பொறுப்பு. எனக்குப் பதினெட்டு வயது. அந்த ஐந்து வாரமும் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பாட்டில் என் தலையில் விழுந்தது

பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்த கையோடு, இனிமேல் படிக்கமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எங்கள் மெதடிஸ்ட் சபையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தார். வியாதிக்காரர்கள் பட்டியலில் என் பெயரை மூன்றாவதாக வாசித்தார்கள். மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன்.

பட்டறை முதலாளி பெயர் சந்திரன். எல்லாருக்கும் அவர் பாஸ். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எது கெட்டது என்று சொல்லிவிடுவார், ஆனால் பாட்டில் பக்கம் மட்டும் வரமாட்டார். ஏன் என்று ஒயரிங் பார்க்கிற செங் அங்கிளிடம் கேட்டேன். செங் அங்கிள் தமிழர்களோடு ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்த சீனர், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவார். நான் வருவதற்கு முன்னால், யாரோ அளவுக்கு மேல் நிரப்பிய பாட்டில் ஒன்று, கடை வாசலில் வெயிலில் நின்ற காரில் இருந்ததாம். அழுத்தம் தாங்காமல் போனால் கிழிந்து கேஸை வெளியே விடுவதற்கென்றே பாட்டில் கழுத்தில் ஒரு மெல்லிய தகடு உண்டு. அது கிழிந்துவிட்டது. கடை முழுக்க வெள்ளைப் புகை. பாஸ் செருப்பை விட்டுவிட்டுப் பெரிய ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினாராம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பத்தடி தள்ளி நின்றுகொண்டு பாஸ் சொன்னார்:

"எனக்கு எஞ்சின் போதும்லா. வெடிக்கிறது எல்லாம் நீயே பாத்துக்க."

முதல் பக்கம்

தேவன் அண்ணே காரில் பாட்டிலை மாட்டி முடித்த அன்று, அவரை உட்காரவைத்து விளக்கினேன். பாட்டிலைச் சுற்றிப் போர்வை மாதிரி ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதற்கு டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். எரிந்தால் சிவப்பு விளக்கு, அதற்குப் பக்கத்திலேயே முள். ஓடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். குழாயில் இருக்கிற சென்சார் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொள்ளாயிரத்து ஐம்பது வந்தால் ஹீட்டரை அதுவே அணைக்கும், குறைந்தால் அதுவே போடும். போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் அண்ணே என்றேன். அந்த வார்த்தைக்காக இப்போதும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

மற்ற வாடிக்கையாளர்கள் நான் பேசும்போது போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். தேவன் அண்ணே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். முன்பக்கமெல்லாம் கன்டெய்னர் நம்பர். அதைத் தாண்டிப் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, ஒவ்வொரு வரியாக எழுதினார். நான் வேகமாகப் பேசினால் கையைத் தூக்கி நிறுத்தினார். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் நின்றேன். எழுதி முடித்து நோட்டை மூடினார்.

"நீ சொன்னது மட்டும்தான் செய்வேன் தங்கச்சி. என் சொந்த மூளைய லோரியிலயே வெச்சிட்டு வந்துடறேன்."

மீன் தராசு

அம்பாங்கிலிருந்து ஒருத்தன் வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் இருக்கலாம். நாங்கள் கேஸ் நிரப்பிக் கொடுத்து நாலே நாள்தான் ஆகிறதாம், அடித்தால் ரெண்டு வினாடியில் செத்துப்போகிறதாம், நாங்கள் ஏமாற்றுக்காரர்களாம். முள் தொள்ளாயிரத்து ஐம்பதில் நிற்கிற படத்தைப் போனில் காட்டினான். நான் பாட்டிலைக் கழற்றிக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். அது பாசார் சந்தையில் மீன் விற்றவரிடமிருந்து பாஸ் வாங்கியது. மழை நாளில் இன்னும் லேசாக வாடை வரும். வெறும் பாட்டில் எடைக்கு மேல் அரைக் கிலோ கூட இல்லை.

உள்ளே கேஸ் தண்ணீர் மாதிரி திரவமாகத்தான் கிடக்கும். கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தால் போதும், முள் ராஜா மாதிரி நிற்கும். அடித்ததும் விழுந்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று முள்ளைக் கேட்கக்கூடாது, தராசைக் கேட்கவேண்டும் என்றேன். நம்பவில்லை. நாலு நாளில் யார் யாருக்கெல்லாம் அடித்துக் காட்டினாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டான். அன்றைக்கே தேவன் அண்ணேவுக்கு போன் போட்டு, ஓடும் நாளில் கிளம்புவதற்கு முன்னால் எடை பார்க்கவேண்டும் என்றேன். இரு, எழுதிக்கிறேன் என்றார். அம்பாங்காரன் மட்டும் போகும்போது தராசை முறைத்துவிட்டுக் கேட்டான்:

"கேஸ் இல்லாதப்பவும் முள்ளு நிக்குதுன்னா, அப்புறம் அது எதுக்குலா அங்க இருக்கு?"

ரொட்டி சுடுகிற மாதிரி

ஜெஞ்சாரோமிலிருந்து வந்தவர் நடுத்தர வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். பாட்டிலை வைத்துவிட்டு, கேஸ் நிரப்பவேண்டும் என்றார். பாட்டிலின் வயிற்றில் நீலச் சாயம் கொப்பளித்துக் கறுத்துப் போயிருந்தது. என்ன அங்கிள் இது என்றேன். முந்தின நாள் மழையாம், முள் எழுநூறைத் தாண்டவில்லையாம், அதனால் வெல்டிங் கடைக்காரத் தம்பியிடம் தீ அடிக்கிற டார்ச்சை வாங்கிக் கொஞ்சம் காட்டினாராம். பெரிய தீ இல்லையாம். ரொட்டி சுடுகிற மாதிரி, தூக்கித் தூக்கித்தான் காட்டினாராம்.

நெருப்பு பட்ட அலுமினியத்துக்குப் பலம் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. அடுத்த தடவை நிரப்பும்போதுதான் தெரியும், நிரப்புகிற ஆளுக்கு. அந்த ஆள் நான். நிரப்பமாட்டேன், இந்தப் பாட்டிலை இனிமேல் யாருமே நிரப்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் பாஸைப் பார்த்தார். பாஸ் அதற்குள் எதிர்க்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். செங் அங்கிளைப் பார்த்தார். செங் அங்கிளும் அங்கேதான் இருந்தார். மிச்சம் இருந்த கேஸைக் கடைக்குப் பின்னால் திறந்த வெளியில் துளித்துளியாக வெளியே விட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வால்வைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் நான் பத்தடி பின்வாங்கி நின்றேன். அவர் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வருத்தமாகச் சொன்னார்:

"இவ்ளோ பயந்தா எப்படிலா தொழில் பண்றது? நான் ஒத்தக் கையிலதான் புடிச்சிருந்தேன்."

நிழல் நகர்ந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பிரிக்ஃபீல்ட்ஸில் கார் காட்சி. எங்கள் கடை வாடிக்கையாளர் ஒருவர் பின்பெட்டியைத் திறந்து வைத்து நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது, தனி ஆள், காரைத் தவிர உலகத்தில் அவருக்கு வேறு யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். படம் எடுக்க ஆள் வருகிறார்களாம், முள் சரியாகத் தொள்ளாயிரத்து ஐம்பதில் இருக்கவேண்டுமாம். காலையில் மரத்தடியில்தான் நிறுத்தியிருக்கிறார். மரம் அங்கேயேதான் இருந்தது. நிழல் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. முள் ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருந்தது.

சபைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்போடு குனிந்து ஈரத் துண்டைச் சுற்றினேன். மெதுவாக இறங்கியது. அவருக்குப் பொறுக்கவில்லை. குளிர்பானம் விற்கிற தண்ணிக் கடையிலிருந்து ஒரு பை ஐஸை வாங்கிவந்து பாட்டில் மேல் கொட்டினார். படக்காரர் வந்தபோது முள் எழுநூறு. ஹீட்டரைப் போட்டோம். படக்காரர் கோணம் பார்த்து முடிப்பதற்குள் ஆயிரம். மறுபடியும் ஐஸ். இப்படியே மூன்று தடவை. நடுவிலேயே தேவன் அண்ணேவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்: நிழல் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்காதீர்கள், நீங்கள் ஓடுகிற நேரத்தில் எங்கே இருக்கும் என்று பாருங்கள், ஈரத் துணி போதும், ஐஸ் வேண்டாம். படக்காரர் அடுத்த காருக்குப் போய்விட்டார். நம் ஆள் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"இதுக்குப் பேசாம நான் கல்யாணமே பண்ணியிருக்கலாம்லா."

கற்பூரம்

கிள்ளானிலேயே ஒரு வாடிக்கையாளர் காருக்குப் புதுப் பாட்டில் மாட்டி, சாவி கொடுக்கிற நேரம். அவருடைய அக்கா தாம்பாளத்தோடு வந்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. முன்பக்கத்துக்குச் சந்தனம். ஸ்டீயரிங்குக்குக் குங்குமம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்கா பின்பெட்டிக்கு வந்து, பாட்டிலுக்கும் பொட்டு வைத்து, முள் இருக்கிற கண்ணாடிக்கும் வைத்தார். சரியாகத் தொள்ளாயிரத்து ஐம்பது மேலேயே. அதையாவது துடைத்துக்கொள்ளலாம். அடுத்ததாகக் கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கினார்.

இந்தக் கேஸ் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதற்கும் வெறி ஏற்றிவிடும். அப்போதுதான் நிரப்பிய பாட்டில். கழுத்தில் துளி கசிந்தாலும் போச்சு. நான் சபைக்காரி, இவர்கள் பூசையில் எந்த இடத்தில் குறுக்கே பேசலாம் என்று எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது? பாஸ் பக்தியாகக் கண்ணை மூடி நின்றார், பதினைந்து அடி தள்ளி. கடைசியில் தட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் போய் நான் நின்றுவிட்டேன். தட்டு என் மூக்குக்கு முன்னால் நின்றது. அக்கா, வேண்டாம், தள்ளிப்போய் அந்தக் கம்பத்துப் பக்கத்தில் நின்று காட்டுங்கள் என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அக்கா கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்:

"நான் தள்ளி நிக்கறேன்மா. சாமியையும் சேத்துத் தள்ளி நிக்கச் சொல்றியா?"

மலர் அக்கா கேட்டது

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் தேவன் அண்ணே மனைவி மலர் அக்கா போன் செய்தார். நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போகிறார்களாம். முறை வரும்வரைக்கும் காத்திருக்கவேண்டும். குழந்தை காரின் பின்சீட்டில் படுத்துத் தூங்கலாமா, பாட்டில் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பாட்டில் வால்வை மூடிவிடுங்கள், வீட்டில் சமைத்து முடித்ததும் கேஸை மூடுகிற மாதிரி. பிறகு குழாயில் மிச்சம் இருப்பதைப் பொத்தானை அமுக்கி வெளியே விட்டுவிடுங்கள். முள் சைபருக்கு வரும். வந்துவிட்டால் பயமே இல்லை, குழந்தை தாராளமாகத் தூங்கலாம். உங்கள் முறை வரும்போது வால்வைத் திறந்தால் போதும். மலர் அக்கா போனைத் தேவன் அண்ணேவிடம் கொடுத்தார். அவர் மறுபடியும் என்னை முதலிலிருந்து சொல்லவைத்து நோட்டில் எழுதினார். நோட்டில் அதுதான் கடைசிப் பக்கம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்பாங், ஜெஞ்சாரோம், பிரிக்ஃபீல்ட்ஸ் என்று எல்லாரும் செய்த தப்பும் அந்த நோட்டில் ஒவ்வொரு வரியாக இருந்தது. இனிமேல் எது தவறும்? போனை வைக்கும்போது மலர் அக்கா சொன்னார்:

"நீ சொன்னா சரி. கட்டின பொண்டாட்டி பேச்ச நம்பமாட்டாரு, உன் பேச்சத்தான் நம்புவாரு."

சனிக்கிழமை

அன்று கடை உண்டு, பாஸ் என்னைத் திடலுக்கு விடவில்லை. கொமுட்டரில் உட்கார்ந்திருந்தேன். பாத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டும்போது தேவன் அண்ணே அனுப்பிய படம் வந்தது. டாஷ்போர்டு. கீழே எழுதியிருந்தார்: எல்லாம் நீ சொன்னபடி செஞ்சாச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல என் முறை. படத்தில் முள் சைபரில் இருந்தது. வால்வை மூடிவிட்டார், குழாயையும் காலி செய்துவிட்டார், சரி. போனைப் பைக்குள் போட்டேன். ஷா ஆலாமில் கதவு திறந்து மூடியபோதுதான், படத்தில் இன்னொன்றும் இருந்தது உறைத்தது. எடுத்துப் பார்த்தேன். முள்ளுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சென்சார் இருப்பது குழாயில், வால்வுக்கு வெளியே. வால்வை மூடிவிட்டால் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது காலிக் குழாயைப் பார்க்கும். அழுத்தம் சைபர், இன்னும் சூடு வேண்டும் என்று ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். தொள்ளாயிரத்து ஐம்பது அதன் கண்ணுக்கு வரவே வராது. அதனால் அணைக்கவே அணைக்காது. ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று ஒரு நாள் சொன்னேன். வால்வை மூடிக் குழந்தையைத் தூங்கவையுங்கள் என்று இன்னொரு நாள் சொன்னேன். மூடுவதற்கு முன்னால் ஹீட்டரை அணையுங்கள் என்று எந்த நாளும் சொல்லவில்லை. படம் வந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரமாக எரிகிறது என்று தெரியாது.

தேவன் அண்ணே போனை எடுக்கவில்லை. ஓட்டுநர்களுக்கு விதி சொல்கிற கூட்டம் நடக்கும், போனைப் பைக்குள் வைத்திருப்பார். மூன்று தடவை அடித்துவிட்டு மலர் அக்காவுக்கு அடித்தேன். எடுத்தார். காருக்குள்தான் இருக்கிறோம், பாப்பா தூங்குகிறாள் என்றார், மெதுவான குரலில், அவள் எழுந்துவிடக்கூடாது என்று. நானும் மெதுவாகத்தான் சொல்லப் பார்த்தேன். ரயில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிவப்பு லைட் எரிகிற சுவிட்சை அமுக்குங்கள் அக்கா என்றேன். அமுக்கினார். லைட் போச்சு என்றார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், எதையும் எடுக்காதீர்கள், தூரமாகப் போங்கள், பக்கத்து கார்க்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள் என்றேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? பஸ் ஸ்டாப் தூரம் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது, பிறகு குழந்தை அழுகிற சத்தம், பிறகு போன் கட்டாகிவிட்டது. முதலில் சுவிட்சை அமுக்கச் சொன்னது சரியா, முதலில் குழந்தையைத் தூக்கச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அணைத்தாலும் உடனே ஆறாது. போர்வையில் இருக்கிற சூடு இன்னும் பாட்டிலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். தகடு கிழிந்தால் புகையைக் காருக்கு அடியில் விடுவதற்கு ஒரு குழாய் வைப்போம். தேவன் அண்ணே காருக்கு அதை வைத்தோமா இல்லையா என்று யோசித்தேன், யோசிக்க யோசிக்க அந்தக் கார் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோனது. பாடாங் ஜாவா வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார ஆன்டி ஒரு தண்ணீர் போத்தலை நீட்டினார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கும்போது தேவன் அண்ணே கூப்பிட்டார். மலரும் பாப்பாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள், சுற்றியிருந்தவர்களையும் திடல்காரர்கள் தள்ளிவிட்டார்கள், பாட்டிலில் கையே வைக்கமுடியவில்லை என்றார். கையை வைத்துப் பார்த்திருக்கிறார். நடைபாதையில் நின்று கத்தினேன். வால்வைத் திறந்து முள்ளைப் பார்க்கட்டுமா என்று கேட்டார். திறக்கவே கூடாது, கிட்டேயே போகக்கூடாது, பாட்டில் தானாக ஆறவேண்டும், இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றேன். அவர் முறைக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. முறை போய்விடுமே என்றார். போகட்டும் அண்ணே என்றேன். நாலு வருடம் சாமான் சேர்த்த மனுஷன். போனில் பின்னால் ஏதோ ஒரு கார் பாய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி தங்கச்சி. இரு, எழுதிக்கிறேன்."

திங்கட்கிழமை

தகடு கிழியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேவன் அண்ணே பாஸிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே மாதிரி சென்சார் வைத்த கார் இன்னும் நாலு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கடை திறந்ததும் பாஸிடம் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்று நினைத்து, டிபன் டப்பாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் கேட்டுக்கொண்டே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தை உள்ளே இருந்ததா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். பிறகு செங் அங்கிளைக் கூப்பிட்டு, நாலு காரையும் இன்றைக்கே வரச்சொல்லிச் சென்சாரை வால்வுக்கு உள்பக்கம், பாட்டிலை ஒட்டி மாற்றச் சொன்னார். அங்கே வைத்தால் வால்வு மூடியிருந்தாலும் அதற்குப் பாட்டில் தெரியும். குழாயில் வைப்பது மாட்டுகிறவருக்குச் சுலபம் என்பதால்தான் இவ்வளவு நாளும் அங்கே இருந்தது. செங் அங்கிள் ஒயர் சுருளை எடுத்துக்கொண்டு போனார். குழாயில் மாட்டியவர் அவர்தான், அவர் முகமும் சரியில்லை.

பதினோரு மணிக்குத் தேவன் அண்ணே வந்தார். பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பக் கழற்றினேன். சனிக்கிழமை சாயங்காலம் கேஸ் இல்லாமலேயே ஒரு தடவை ஓடினாராம், அவர் பிரிவில் கடைசியாக வந்தாராம். கழற்றின பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி என் முன்னால் வைத்தார். ரெண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன், எந்த வரியை நான் விட்டேன் என்று தெரியவில்லை, நீயே பார்த்துக் காட்டு என்றார். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஒன்றும் விடவில்லை அண்ணே, நான்தான் சொல்லவில்லை என்றேன். ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் வால்வை மூடவேண்டும் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். பேனாவைத் திறந்தார்.

"ஹீட்டரு மொதப் பக்கத்துல இருக்கு, வால்வு கடைசிப் பக்கத்துல இருக்கு. இத எங்க எழுதட்டும் தங்கச்சி?"

இந்தத் தொழிலில், சொன்ன பேச்சைக் கேட்காதவரால் எஞ்சின் போகும், கேட்கிறவரால் தூக்கம் போகும்.